ஓங்கிய கை

உலகில் வன்முறையை ஒழிக்கும் பொறுப்பு, கடைசியில் எங்கள் மனநல மருத்துவமனையின் மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இங்கே, மனம் குழம்பிய இளைஞர்கள் யாரையும் அடித்துவிடாமலிருக்க ‘நடத்தைப் பயிற்சி’ தருகிறோம். காதில் குரல் கேட்டாலும் ஆத்திரம் பொங்கினாலும் கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, “நான் கொஞ்சம் வெளிய இருக்கேன்” என்று எழுந்து போய்விட வேண்டும். அவ்வளவுதான் பாடம். பெரிய மனிதர்களுக்கு வராத பாடம் என்பதால் நோயாளிகளுக்கு மட்டும் நடத்துகிறோம்.

அன்று ‘அபாய மதிப்பீட்டுக் குழு’ கூடியது. நான் அதன் குறிப்பெழுத்தர். அபாயமில்லை என்று குழு சொன்னால், எல்லோரும் ‘தம்பி’ என்றழைக்கும் அந்தப் பையன் அன்றே வீட்டுக்குப் போகலாம். அவன் எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தான். அவன் அக்கா துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே காத்திருந்தாள்.

“பையன் எப்படிம்மா?” என்றார் தலைவர்.

“முதல்ல கோபம்தான் சார் ஜெயிச்சுது. இப்ப இவன் கை ஓங்கிடுச்சு,” என்றார் பயிற்சியாளர் அம்மா.

“கை ஓங்கினானா? யார் மேல?”

“யார் மேலயும் இல்ல சார். கோபத்து மேல.”

“கோபத்துல கை ஓங்கினானாம். எழுதிக்குங்க.”

எழுதிக்கொண்டேன். எங்கள் குறிப்பில் ஏறியது எதுவும் இறங்கியதில்லை.

“நான் சொன்னது அந்த அர்த்தத்துல இல்ல சார்.”

“எனக்கே தமிழ் சொல்லித் தர்றீங்களா?”

துணைத்தலைவர் சமாதானமாக அகராதியை நீட்டினார். தலைவர் வாங்கி அவர்மீதே வீசினார். துணைத்தலைவர் தப்பினார், ஜன்னல் கண்ணாடி தப்பவில்லை. பிறகு இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டு ‘கலந்தாலோசித்தார்கள்’.

தம்பி எழுந்தான். கைகளைப் பையில் விட்டுக்கொண்டான். “நான் கொஞ்சம் வெளிய இருக்கேன் சார்,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தான்.

“பாத்தீங்களா?” தலைவருக்கு மூச்சு வாங்கியது. “கூட்டத்துக்கு நடுவுல எழுந்து போறான். கையை வேற மறைச்சு வச்சிருக்கான்.”

அபாயம் உறுதி, இன்னும் ஆறு மாதம் உள்ளேயே பயிற்சி என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். துணைத்தலைவரும் பித்தான் இல்லாத சட்டையோடு வழிமொழிந்தார்.

செய்தி சொல்லப் போனேன். தம்பி கையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அவனைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. நல்லவேளை, வெட்கம் என் பணிவிதிகளில் இல்லை.

அக்கா துணிப்பையைக் கீழே வைத்தாள். “உள்ள கண்ணாடிய உடைச்சது யாருங்க?”

“தலைவர்ம்மா.”

“அவர எப்ப வீட்டுக்கு விடுவீங்க?”

“வழக்கம்போல, அஞ்சு மணிக்கும்மா,” என்றேன்.