நான் ஓர் அங்குலமும் நகரவில்லை

எதையும் துல்லியமாகச் செய்கிறவன் நான். அந்தத் துல்லியத்தாலேயே ஒருநாள் மானம் போனது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. (இப்போதும் அரை மனதோடுதான்.)

தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்குக் கப்பலின் பக்கவாட்டில் கயிற்று ஏணி வழியே இறங்கி, கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று குறித்து வருவது என் வேலை. திடீரென்று தலைசுற்றல் தொடங்கியது. படுக்கையில் புரண்டால் அறையே சுழலும். ரத்தம், சர்க்கரை, இதயம் எல்லாம் சரி. "காரணம் தெரியுற வரைக்கும் ஏணி கிடையாது" என்று மேலாளர் என்னை மேசையில் உட்கார வைத்துவிட்டார். இருபத்திரண்டு வருட ஏணி! மச்சினன் லூர்துவோ காரணத்தையே கண்டுபிடித்துவிட்டான். "அத்தான், உள்ளதச் சொல்லுங்க, எங்க வச்சுக் குடிக்கிய?"

கடைசியில் காது மருத்துவர் சமநிலைப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு தலைசுற்றலையும் மணி, நிமிடத்தோடு குறித்த நாட்குறிப்பை நீட்டினேன். பரிசோதிக்கும் பெண் புரட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் இருக்கு சார். எந்தப் பக்கம் திரும்புனா சுத்துதுன்னுதான் இல்ல."

எனக்குக் கொதித்தது.

"கண்ண மூடி, கைய முன்னால நீட்டி, நின்ன எடத்துலயே அம்பது தடவ கால மாத்தி மாத்தித் தூக்கி வைங்க."

கப்பல் ஆடும்போது ஏணியில் தொங்குகிறவனுக்கு இப்படி ஒரு சோதனை! எண்ணிக்கொண்டே மிதித்தேன். முப்பதில், "போதும் சார், கண்ணத் தொறங்க" என்றாள். ஐம்பது என்றால் ஐம்பதுதான். ஏதோ திரைச்சீலை முகத்தில் உரசியது. (மின்விசிறிக் காற்று என்று நினைத்தேன்.)

"ஏங்க, யாரு தலையில கைய வைக்கப் போறிய?" என் மனைவி ஸ்டெல்லாவின் குரல். அவளை வெளியே அல்லவா உட்கார வைத்திருந்தேன்?

"ஐம்பது! ஓர் அங்குலம் நகரலை, பாத்தியளா?" என்று கண்ணைத் திறந்தேன். காத்திருப்போர் கூடம். நீட்டிய என் கைகளுக்குக் கீழே ஒரு வயதான கன்னியாஸ்திரி. அவர் பக்தியோடு தலைகுனிந்து சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு என்னைப் படுக்கவைத்துத் தலையை வலப்பக்கம் திருப்பியதும் கருவிழிகள் துள்ளினவாம். காதுக்குள் இருக்கும் நுண்ணிய துகள்கள் இடம் பெயர்ந்திருந்தன. தலையை இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்பியே அவற்றைச் சரியான இடத்தில் சேர்த்தார்கள். மூன்றாவது வாரம் ஏணி எனக்குத் திரும்பக் கிடைத்தது. லூர்து மட்டும் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. குழம்பில் உப்பு குறைவு என்றோ, இந்தப் பாதைதான் சரி என்றோ நான் கொஞ்சம் அடித்துச் சொன்னால் போதும். வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. லூர்து உட்பட எல்லோரும் வரிசையாகத் தலைகுனிந்து சிலுவை போட்டுக்கொள்கிறார்கள்.