ஜெபித்துவிட்டுச் சொல்கிறவர்

ஜெபித்துவிட்டுச் சொல்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. எந்தச் சபைக்குப் போனாலும் இரண்டாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, அவரைப் பார்க்கலாம். ஆராதனை முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கிவைக்கக் கொஞ்சம் கை கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். "ஜெபிச்சுட்டுச் சொல்றேன் பிரதர்" என்பார். அவருக்குப் பதில் வருவதற்குள் நாற்காலிகள் எல்லாம் சுவரோரம் ஏறிவிடும்.

ஜெபத்தைக் கேலி செய்வதாக நினைத்துவிடாதீர்கள். ஜெபம் இல்லாமல் நமக்கு ஏது விடியல்? ஆண்டவரிடம் கேட்டு நடப்பது நல்ல காரியம்தான். ஆனால் அவர் ஏற்கனவே சொல்லி முடித்த காரியத்தை, காது கேட்காதவர் மாதிரி, "என்ன சொன்னீங்க ஆண்டவரே?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் பாருங்கள், அவர்களைப் பற்றித்தான் பேச்சு.

நமக்குத் தெரிந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம். கண்ணாடிக் கடைக்காரர். எதற்கெடுத்தாலும் 'கர்த்தருடைய சித்தம் தெரியணும்' என்பதால், சபையில் 'சித்தம் சார்' என்றால்தான் தெரியும். காலையிலிருந்து சாயங்காலம் வரை இருட்டறையில், வருகிறவர்கள் மூக்கின்மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப தெளிவா இருக்கா, இதுக்கு முன்னாடி தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பதுதான் அவர் பிழைப்பு. உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் யோசித்தால் போதும், "சட்டுன்னு சொல்லுங்க சார், வெளிய ஆள் காத்திருக்காங்க" என்று அதட்டுவார். இப்படி ஊரையெல்லாம் அவசரப்படுத்துகிற மனுஷர், தன் காரியம் என்றால் மட்டும் மாதக்கணக்கில் காத்திருப்பார்.

எல்லாக் காரியத்துக்கும் இல்லை. இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த மனைவி ஒன்றைக் கவனித்து வைத்திருந்தாள். அவருக்குப் பிடித்த காரியத்துக்குப் பதில் பறந்து வரும். பிடிக்காத காரியத்துக்குத்தான் கர்த்தருடைய வேளைக்குக் காத்திருக்க வேண்டும். போன வருஷம் கடைவீதியில், பொத்தானை அழுத்தினால் கால் நீட்டிக்கொள்ளும் மெத்தை நாற்காலி ஒன்றைப் பார்த்தார். உட்கார்ந்தார். கண்ணை மூடினார். "உள்ளத்துல ஒரு சமாதானம் வந்திருச்சு" என்றார். அன்று மதியமே நாற்காலி வீட்டுக்கு வந்துவிட்டது. பின்கட்டு அறையில் போட்டு, அதற்கு ஜெப அறை என்று பெயரும் வைத்தார். அந்த அறையிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் சத்தம் வரும். முதல் கால் மணி ஜெபம். மீதி குறட்டை.

ஒரு திங்கட்கிழமை அக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது. அவருக்கு ஒரே அக்கா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்தே தனியாக வாழ்ந்தவர். வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தார். சனிக்கிழமை அனுப்புகிறார்களாம். குடியிருப்பதோ மூன்றாம் மாடி. "மாடிப்படி ஏறவே கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தங்க இடம் இல்லையென்றால் நர்ஸம்மா ஏதோ ஒரு முதியோர் இல்லத்தில் சொல்லி வைத்திருக்கிறார். போய் வரவே ஒரு நாள் ஆகும் தூரம்.

"தம்பி, உன் வீட்டுப் பின்ரூம் தரையோட இருக்கே, குளியலறையும் அதுக்குள்ளயே இருக்கே, அதான் கேட்டேன்."

அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டுமா?

"ஜெபிச்சுட்டுச் சொல்றேன்க்கா."

ஜெபிக்க எங்கே போனார்? அதே பின்கட்டு அறைக்குத்தான். அந்த அறையைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று, அந்த அறைக்குள்ளேயே, அந்த நாற்காலியிலேயே, காலை நீட்டிக்கொண்டு கேட்டார்.

செவ்வாய்க்கிழமை, வேத வசனச் சீட்டுகள் போட்டுவைத்த வாக்குத்தத்தப் பெட்டியைத் திறந்து ஒரு சீட்டு எடுத்தார். இடத்தை விசாலமாக்கு என்று வந்தது. மனைவிக்கு முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா!"

"இது கடையைப் பத்தினது" என்றார் அவர். "பக்கத்துக் கடை காலியாகப் போகுதுல்ல."

புதன்கிழமை, சம்பந்தமே இல்லாத மூன்றாம் ஆள் யாராவது இதைப் பற்றிப் பேசினால் ஒத்துக்கொள்வதாக ஆண்டவரிடம் சொல்லி வைத்தார். அன்றைக்கே, பின்கட்டுக் குளியலறையில் சொட்டுகிற குழாயைப் பார்க்க வந்த குழாய்க்காரர், சுவரைத் தட்டிப் பார்த்து, "நல்ல கெட்டிச் சுவர் சார். வயசானவங்க யாராவது இருந்தா ஒரு கைப்பிடி போட்டுக் கொடுத்துடறேன்" என்றார். மனைவிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவருக்கோ ஒன்றும் சிலிர்க்கவில்லை.

"அவர் நம்ம சபை இல்லையே."

வியாழக்கிழமை போதகரே கூப்பிட்டு, "அக்காவை எப்ப கூட்டிட்டு வர்றீங்க?" என்று விசாரித்தார்.

"நீதானே சொல்லிக் கொடுத்தே?" என்று மனைவியை முறைத்தார்.

வெளியாள் பேசினால் நம்ம சபை இல்லை. சபையே பேசினால் யாரோ சொல்லிக் கொடுத்தது. ஆண்டவர்தான் என்ன செய்வார், பாவம்!

"ஏங்க, கடைக்கு வர்றவங்களை ரெண்டு நிமிஷம் யோசிக்க விடமாட்டீங்க. சொந்த அக்காவை நாலு நாளாத் தொங்கவிடுறீங்களே" என்றாள் மனைவி.

"கண்ணாடி வேற, கர்த்தருடைய சித்தம் வேற."

சனிக்கிழமை மதியம் வரை உபவாசம் என்று அறிவித்துவிட்டு, காலையிலேயே அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அவர் ஜெபம் எப்போதும் அடுத்த வீடு வரை கேட்கும். கூடத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மனைவிக்குக் கேட்காதா?

"ஆண்டவரே! அக்கா வர்றது உமக்குச் சித்தமானா, இன்னைக்கு இந்தக் கதவை யாராவது மூணு தரம் தட்டட்டும்! யாரும் சொல்லிக் கொடுக்காம தட்டட்டும்!"

அவள் பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். சித்தம் தெரிந்துதான் போனாள் என்று சொல்ல முடியாது. மணி பத்தாகியிருந்தது, பதினொன்றுக்குள் கட்டிலைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். அதுதான் தெரிந்தது.

கைத்தடியும், வழியில் அவர் வீட்டிலிருந்து இறக்கி எடுத்த தையல் மெஷினுமாக அக்காவை வாடகைக் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது, பின்கட்டு அறைக் கதவு தாழிட்டபடியே இருந்தது. அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், 'நீதானே சொல்லிக் கொடுத்தே' வந்துவிடும்.

"அவன் எங்கம்மா?"

"உள்ள ஜெபத்துல இருக்கார் அண்ணி."

"இருக்கட்டும். எனக்குக் குளியலறைக்குப் போகணுமே. கார்ல வழியெல்லாம் அடக்கிக்கிட்டு வந்தாச்சு."

அக்கா மெல்ல நடந்துபோய், கைத்தடியின் பூணால் கதவைத் தட்டினார். டொக். டொக்.

மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று.

உள்ளே குறட்டை நின்றது. பிறகு குரல் வந்தது.

"யாரு? ஜெபத்துல இருக்கேன். அப்புறம் வாங்க!"

அக்கா கைத்தடியை இறக்கிவிட்டார். "சின்னப் பிள்ளையிலயே இவன் உள்ள போனா இப்படித்தான்" என்று முனகிக்கொண்டு, வீட்டின் இன்னொரு குளியலறை மாடியில் இருந்ததால், அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அங்கே போய்விட்டு வந்து, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. மனைவி விசிறிவிட்டாள். பிறகு அடுப்பில் காபி போட்டாள். அந்த வாசனைக்கு மட்டும் எந்த அடையாளமும் தேவைப்படவில்லை. பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே தாழ்ப்பாள் திறந்தது.

அக்காவைப் பார்த்ததும் அவர் அப்படியே நின்றார்.

"அக்கா... எப்ப வந்தீங்க?"

"கதவைத் தட்டினேனே. அப்புறம் வரச் சொன்னே. அதான் உக்காந்திருக்கேன்."

அவர் முகத்தில் ரத்தம் இல்லை. மனைவியைப் பார்த்தார். அவள் காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள், வேறு எதற்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவள் மாதிரி.

"எத்தனை தரம் தட்டினீங்க?"

"ரெண்டு தரம். ஏன்?"

உயிர் வந்துவிட்டது அவருக்கு. "ரெண்டா! அப்போ சரியா வரலியே. நான் மூணு..."

அக்கா ஒரு நிமிஷம் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். இந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. "கொஞ்சம் குனிடா" என்றார். ஏதோ ரகசியம் சொல்லப்போகிறார் என்று அவர் குனிந்தார். அக்கா கைத்தடியைத் தூக்கி, அந்த வழுக்கைத் தலையின் நடுமத்தியில், வலிக்காமல், ஆனால் சத்தம் வருகிற மாதிரி, ஒரு தட்டுத் தட்டினார்.

டொக்.

"இந்தா, மூணு. இப்ப தெளிவா இருக்கா, இதுக்கு முன்னாடி தெளிவா இருந்துச்சா? சட்டுன்னு சொல்லு."

மனைவி சிரிப்பை அடக்கப் பார்த்து, புரையேறி, இருமிக்கொண்டே சமையலறைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது அவர் அக்காவுக்காகக் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கிப் பின்கட்டு அறைக்குள் இழுத்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. தலை வலித்ததால் என்றார்.

"அந்த நாற்காலியை எங்க போடலாம்?" என்று அவள் கேட்டாள்.

"அதைப் பத்திக் கொஞ்சம் ஜெ..." என்று ஆரம்பித்தவர், கைத்தடி அசைவதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நாற்காலி அங்கேயே இருந்தது. அக்கா அதில் சாய்ந்து, பொத்தானை அழுத்தி, முறிந்து சேர்ந்த இடுப்புக்கு இதமாகக் காலை நீட்டிக்கொண்டார்.

"உள்ளத்துல ஒரு சமாதானம் வந்திருச்சுடா தம்பி" என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இப்படி ஒருவரை உங்கள் சபையிலும் தெரியும் என்று, இதைக் கத்தரித்து அவர் வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிடலாமா என்றுகூட யோசித்திருப்பீர்கள். வைக்கலாம், தப்பில்லை. அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி. "ஜெபிச்சுட்டுச் சொல்றேன்" என்று நீங்கள் கடைசியாக யாரிடம் சொன்னீர்கள்? எத்தனை நாளாயிற்று? அவர் இன்னும் உங்கள் கூடத்தில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கலாம்.

முழங்காலில் நில்லுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? தாழ்ப்பாளை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு நில்லுங்கள். உச்சந்தலையையும் கொஞ்சம் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.