ரெஸ்ற்பேஜ் அண்ணையின் பழுதான தாள்கள்

திருகோணமலைத் துறைமுகத்தில் எந்தப் பெரிய கப்பலையும் கரைக்குக் கொண்டுவந்து கட்டத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். கோபித்துக்கொண்டு நிற்கும் ஒரு கொம்பியூட்டரையும் ஒரு பிரிண்டரையும் பேச வைக்கத் தெரிந்தவர் ஊர் முழுக்க ஒரே ஒருவர்தான். சமாதானப் பேச்சு என்று வெளிநாட்டுக்குப் பறந்தவர்கள் இவரையும் ஒருக்கால் பிளேனில் ஏற்றியிருந்தால் சண்டை அந்த வருடமே முடிந்திருக்கும். பகிடி இல்லை, சத்தியமாகத்தான் சொல்கிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. வாசலில் கால் வைக்கும்போதே, "ரெஸ்ற் பேஜ் அடிச்சுப் பாத்தனீங்களோ?" என்று கேட்டுக்கொண்டு வருவார். பிரிண்டர் சரியா பிழையா என்று பார்க்க அடிக்கும் முதல் தாளைத்தான் கேட்கிறார். அதனால் துறைமுகத் தெருவில் எல்லாருக்கும் அவர் ரெஸ்ற்பேஜ் அண்ணை.

மனிதர் ஓரிடத்தில் குந்தி இருந்து நான் கண்டதில்லை. கதிரையை இழுத்துப் போட்டால் அதில் பையை வைப்பார். தேத்தண்ணியும் நின்றபடிதான். கொம்பியூட்டர் நின்று திரும்பத் தொடங்குவதற்குள் வாசலுக்கும் அலுமாரிக்கும் இடையில் பத்துத் தரம் நடந்துவிடுவார்.

"ஒருக்கால் இருங்கோ அண்ணை, எனக்குத் தலை சுத்துது."

"இருந்தால் அலுவல் முடிஞ்ச மாதிரியெல்லோ பிள்ளை."

பையில் நாற்பது சீடிகளும் தாள் போட்டு வைக்கும் ஒரு தடித்த கோவையும் இருக்கும். அந்தக் கோவைதான் வில்லங்கம். ஒவ்வொரு பிரிண்டருக்கும் அதன் பாஷை தெரிந்த டிரைவர் என்ற சின்ன மென்பொருள் கொம்பியூட்டருக்குள் இருக்க வேண்டும். வேறொரு பிரிண்டரின் டிரைவர் இருந்துவிட்டால், கடிதம் அடிக்கச் சொன்னால் இதயம், சிரித்த முகம், அரைச் சதுரம் என்று தாள் தாளாக வந்து விழும். நாங்கள் கசக்கி எறிவோம். அண்ணை அதில் ஒரு தாளை எடுத்து மடிப்பு விழாமல் கோவையில் போடுவார். எந்தக் கடை, எந்தக் கந்தோர், என்ன மொடல், எப்படிச் சுகமாக்கியது என்று மூலையில் பென்சிலால் எழுதியும் வைப்பார்.

"டொக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பாக்கிறேல்லையோ? அதுமாதிரித்தான் இதுவும்."

ஒருநாள் அரிசிக் கடை முதலாளியின் பிரிண்டர் அறுபது தாள் இதயம் துப்பியது. முதலாளி செய்வினை என்று பயந்து தேசிக்காய் வெட்டத் தொடங்கிவிட்டார். அண்ணை போய், "முதலாளி, அந்தத் தேசிக்காயைக் கரைச்சுத் தாங்கோ, குடிப்பம். இது பேயில்லை, டிரைவர் பிழை" என்றாராம்.

இன்னொரு நாள் ஆமி சோதிக்கிற சென்ரிப் பொயின்றில் ஒரு சார்ஜன்ட் கோவையைத் திறந்துவிட்டார். "மே மொனவாத? என்ன இது? கோட் ஆ?" என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லிவிட்டு வர வேண்டியதுதானே? எங்கள் ஆள் உற்சாகமாகிவிட்டார். "ஓம் சேர். இதயம் வந்தால் ஒரு அர்த்தம், சிரிச்ச முகம் வந்தால் வேறை அர்த்தம்!" அன்று பின்னேரம் வரை வைத்து விசாரித்துத்தான் விட்டார்கள். அதற்குப் பிறகு அவர் அந்தச் சென்ரிப் பக்கமே சைக்கிள் விட்டதில்லை. ஆனாலும் கோவையை எரிக்கவில்லை. பையின் அடியில் வைத்தார், அவ்வளவுதான்.

சம்பூர்ச் சனமும் இலங்கைத்துறைச் சனமும் இடம்பெயர்ந்து அலைந்த காலம் அது. எங்கள் நிவாரணக் கந்தோரில் தேத்தண்ணி போடும் மலரக்காவின் புருசன் ஒரு பள்ளிக்கூட முகாமில் கிடந்தார். ஷெல் துண்டு பட்ட கால் சீழ் பிடித்து, பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவராவிட்டால் காலை எடுக்க வேண்டும் என்று செய்தி வந்தது. அன்று எங்கள் நிவாரண லொறி அந்த முகாமுக்குப் போகிறது. போகிறவர், கூட்டி வருகிறவர் எல்லாருடைய பெயரும் சிங்களத்தில் அச்சடித்த பட்டியலாக அதே சென்ரியில் காட்ட வேண்டும். கையெழுத்துப் பட்டியல் செல்லாது. பதினொரு மணிக்குள் லொறி வெளிக்கிடாவிட்டால் சென்ரி மூட முதல் திரும்பி வர ஏலாது.

எங்களுக்கு வந்ததோ புதுக் கொம்பியூட்டர். பிரிண்டர் இருப்பதோ கந்தோர்ப் பெரியவரின் அறையில், அவருடைய கிழட்டுக் கொம்பியூட்டரோடு. நாங்கள் பேப்பரை வீணாக்குவோமாம்! அந்தக் கிழட்டில் சிங்கள எழுத்தும் இல்லை. நான் வயர் வழியாகப் பிரிண்டரைப் பிடிக்கப் பார்த்தேன். பொருத்தமான டிரைவர் இல்லை என்று வந்தது. பெயர் கிட்டமுட்ட இருந்த ஒன்றை அமத்தினேன். முப்பத்தெட்டுத் தாள் சிரித்த முகம் வந்தது. எனக்கு வந்த விசரில் அவ்வளவையும் கசக்கி எறிந்தேன். அதோடு பேப்பரும் முடிந்தது. மிச்சப் பேப்பர் பூட்டிய இரும்பு அலுமாரிக்குள், திறப்பு கொழும்புக்குப் போன பெரியவரிடம். வெளியே ஹர்த்தால், ஒரு கடையும் இல்லை.

ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, அண்ணை சைக்கிளில் வந்து சேர்ந்தபோது பத்து மணி. நான் கசக்கிய ஒரு தாளை விரித்தார். கோவையைப் புரட்டினார். நடந்தார், திரும்பவும் புரட்டினார்.

"கடவுளே, மணி பத்தரை" என்று மலரக்கா அழுதா.

"இந்தா! இறங்குதுறைக் கந்தோர், போன வருசம். அதே வருத்தம்!" என்று அண்ணை ஒரு தாளை உயர்த்தினார். "பிள்ளை, நெட்வேர்க் பிரிண்டர் எண்டு கேளாதை. கேட்டால் கிழடு தன்ரை பழைய டிரைவரைத்தான் தரும், புதுசுக்கு அது ஒத்துவராது. பிரிண்டர் உன்ரை மேசையிலை நிக்கிற சொந்தப் பிரிண்டர் எண்டு சொல்லு. டிரைவரை என்ரை சீடியிலையிருந்து குடு. போற வழிக்கு மட்டும் கிழட்டின்ரை பேரைப் போடு."

போட்டேன். பிரிண்டர் உறுமியது, பேப்பர் கேட்டது. கசக்கிய தாளை அது இழுக்காது. அண்ணை கோவையைப் பார்த்தார், மலரக்காவைப் பார்த்தார். பிறகு கோவையிலிருந்து பத்துத் தாளை உருவி, வெறும் பக்கம் பார்த்து வைத்தார். முதலாவதில் ரெஸ்ற் பேஜ் அடித்தார், அந்த அவசரத்திலும்! பட்டியல் முத்து முத்தாக வந்தது. பின்பக்கம் முழுக்க இதயம்.

"அண்ணை, சென்ரியிலை திருப்பிப் பாத்தால்?"

"பாப்பாங்கள்தான். தாள் என்ரை, நானும் வாறன்" என்று கோவையோடு லொறியில் ஏறினார்.

பிறகு நடந்ததை மலரக்கா சொன்னா. அதே சார்ஜன்ட்தான். தாளைத் திருப்பினார், அண்ணையைப் பார்த்தார்.

"ஆ, நீயா?"

"ஓம் சேர். எழுத்துப் பக்கம் இவையின்ரை, படப் பக்கம் என்ரை. இவையை விடுங்கோ, என்னை வையுங்கோ."

லொறி திரும்பி வரும் வரை ஆள் பிணை என்று வைத்துக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் காட்டி, "இரு!" என்றாராம். இருந்திருக்கிறார். ஆறு மணித்தியாலம், இரண்டு கையையும் முழங்காலில் வைத்தபடி. லொறி புருசனோடு திரும்பி வந்தபோது எழும்பி வந்து கேட்ட முதல் கேள்வி, "எல்லாப் பேரும் தெளிவா விழுந்ததோ?"

கால் தப்பியது. கோவை தப்பவில்லை, அதைச் சார்ஜன்ட் வைத்துக்கொண்டார்.

அடுத்த கிழமை வெறும் பையோடு வந்தார். என்னுடைய முப்பத்தெட்டுத் தாளையும் குப்பைக் கூடையிலிருந்து எடுத்து, வீட்டில் அயன் பெட்டியால் மினுக்கி, ஒரு புதுக் கோவையில் போட்டு வைத்திருந்தேன். நீட்டினேன். வாங்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பையை நிலத்தில் வைத்துவிட்டுக் கதிரையை இழுத்தார்.

தேத்தண்ணி ஆறும் வரை, ஒருவரும் சொல்லாமல், எங்கள் கந்தோரில் அந்தக் கதிரையில் இருந்தார்.