அப்பாவுக்கு ஓர் இடம்

மூன்றாவது முறை படித்தும் தனியார் முதியோர் இல்லத்தின் கட்டணச் சீட்டில் தொகை குறையவில்லை. மாதம் ஆயிரத்து நானூறு யூரோ. அப்பா ஃப்ரானேயின் ஓய்வூதியமோ ஐந்நூறு. மிச்சத்துக்கு எங்கே போவது என்று ராத்கோ தலையைப் பிய்த்துக்கொண்டார்.

"கடலைப் பாத்தாப்ல அவருக்கு ஒரு வீடு இருக்கே, அதை வித்தா முடிஞ்சுது," என்றாள் மனைவி நேதா.

அந்த வீட்டை விற்பதா? ராத்கோ அப்பாவை நேசித்தார். வீட்டை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நேசித்தார். என்றைக்காவது அது தன் கைக்கு வரும் என்ற நம்பிக்கையில்தான் அறுபத்தேழு வயது வரை உயிரைப் பிடித்து வைத்திருந்தார். ஆகவே அப்பா இல்லத்துக்குப் போக வேண்டும், வீடு போகக் கூடாது. பாசமுள்ள பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்?

எண்பத்தெட்டு வயது ஃப்ரானேவுக்கு என்ன குறை என்று யாரும் கேட்கவில்லை. நான்கு மாடி ஏறி இறங்குவார், குளிர் தொடங்கும் அக்டோபர் வரை கடலில் குளிப்பார். மூட்டு வலியும் சர்க்கரையும் ராத்கோவுக்குத்தான். தனியாக விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்று மகன் அக்கறையாகக் கேட்கும்போதெல்லாம் ஃப்ரானே அவரை மேலும் கீழும் பார்ப்பார்.

"அதான்டா எனக்கும் கவலை," என்பார்.

முதலில் ராத்கோ, ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் தன் தங்கை தோன்காவுக்குப் போன் போட்டார். பாதிப் பணம் தருவதாக அவள் உடனே ஒப்புக்கொண்டாள். பாதி வீட்டையும் அதே மூச்சில் கேட்டாள். ராத்கோ போனை வைத்தார்; அடுத்த வாரம் அவளுடைய வக்கீலின் கடிதம் வந்தது.

சரி, வாடகையில் கட்டலாம் என்று வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டார். எங்கள் கடற்கரை ஊரான ஸ்ப்லித்தில் கோடை வந்தால் கோழிக்கூண்டையும் கடல் பார்த்த அறை என்று சொல்லி விட்டுவிடுவார்கள். அப்பா ராத்கோவின் சோபாவுக்கு இடம் மாறினார். ஆனால் இன்னொரு சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. விடிந்ததும் போய்க் கதவைத் திறந்து, அங்கே தங்கியிருந்த ஜெர்மன் தம்பதிக்குக் காபி போட்டார், மத்தி மீன் சுட்டுக் கொடுத்தார். அவர்கள் ஐந்து நட்சத்திரம் போட்டு, கிழவர் அருமை, வீடு பரவாயில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

ராத்கோ சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அடுத்து வந்தவர்கள் கிழவர் எங்கே என்று கேட்டு, இல்லையென்றதும் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தார். அனுமதி வாங்காமல் ஆள் தங்கவைத்ததற்காக ஆய்வாளர் போட்ட அபராதம் கோடை வருமானத்தை முழுசாக விழுங்கியது.

அடுத்தது நோட்டரி. சாகும்வரை பார்த்துக்கொள்கிறேன், பதிலுக்கு வீடு எனக்கு என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்வது எங்கள் பக்கத்தில் சகஜம்தான். பெரும்பாலும் அண்டை அயலார் எழுதிக்கொள்வார்கள். பெற்ற அப்பாவிடமே எழுதி வாங்கப் போனது ராத்கோவின் பெருந்தன்மை. எழுதிவிட்டால் தோன்கா வாலாட்ட முடியாது, வீட்டைக் காட்டி வங்கியில் கடனும் வாங்கலாம்.

ஃப்ரானே மறுக்கவில்லை. பார்த்துக்கொள்வது என்றால் என்னென்ன என்று ஒரு தாளில் எழுதியே கொண்டுவந்திருந்தார். வெள்ளிதோறும் மீன், ஐஸ் பெட்டியில் கிடந்தது கூடாது. காலுறையைக் கையால்தான் துவைக்க வேண்டும். சீட்டாட்டத்தில் ராத்கோ தோற்க வேண்டும்.

"இல்லத்துக்கு அனுப்பறதைப் பத்தி இதுல ஒண்ணுமே இல்லையேப்பா?"

"பாத்துக்கறேன்னுதானேடா எழுதற? அனுப்பிடறேன்னா எழுதற?"

நோட்டரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ராத்கோ பேனாவை மூடிவிட்டு எழுந்தார்.

இப்படி எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான் நகராட்சி முதியோர் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. ஃப்ரானே கொடுத்த மனுவின்படி ஓர் இடம் காலியாகியிருக்கிறதாம். அங்கே கட்டணம் தனியார் இல்லம் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனாலேயே ஊரில் பாதிப் பேர் முழங்கால் நன்றாக இருக்கும்போதே மனுப் போட்டு வைப்பார்கள். முறை வரப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும். அப்பா எப்போதோ போட்டு வைத்திருக்கிறார், வாயே திறக்கவில்லை. ராத்கோவுக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. இனி ஓய்வூதியமே போதும், வீடு தப்பித்தது. அந்தச் சந்தோஷத்தில் கடிதத்தின் இரண்டாம் பத்தியை அவர் படிக்கவில்லை.

மறுநாள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க இல்லத்தின் படிகளில் ஏறினார். ஃப்ரானே முன்னால் ஏறிப்போய் அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே மேசையில் இருந்த பெண் கோப்பை விரித்தாள்.

"ஒரு கையெழுத்துதாங்க பாக்கி. பணமெல்லாம் வந்தாச்சு," என்றாள்.

"எந்தப் பணம்?"

"பதினஞ்சு வருஷக் கட்டணம். போன மாசம் வீட்டை வித்து ஐயா மொத்தமா கட்டிட்டாரே."

ராத்கோ நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். ஒரு வருஷமாக அலைந்ததெல்லாம் எதற்காகவோ, அது போய்விட்டது.

"வித்துட்டியாப்பா?"

"கவலப்படாத. சாகற வரைக்கும் நான் அந்த வீட்லயே இருந்துக்கலாம்னு எழுதி வாங்கிட்டுத்தான் வித்தேன்," என்று ஃப்ரானே அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

ராத்கோவுக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கேயே இருக்கப்போகிறவருக்கு இங்கே எதற்குக் கட்டில் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். அவள் தாளை அவர் பக்கமாகத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள்.

"ஐயா பணம் கட்டறவர்தாங்க. தங்கப்போறவரு நீங்க."