வெசாக் அன்று சம்பந்தி வீட்டுச் சாப்பாடு

கேகாலை,
வெசாக் முடிந்த மறுவாரம்

அன்பும் மரியாதையும் நிறைந்த சுமணசிரி மச்சானுக்கு,

மும்மணிகளின் காவலால் நாங்கள் எல்லோரும் நலம். என் வயிறு மட்டும் இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. மாத்தறைக் கடல்காற்றில் உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நம் பெண் உத்பலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. விடுமுறை நாளாகப் பார்த்துச் சம்பந்தம் பேசப் போகச் சொன்ன உங்களுக்குத்தான் முதல் நன்றி. அந்த யோசனை எங்களைக் கொல்லப் பார்த்தது வேறு கதை.

மே மாதத்தில் விடுமுறைக்கா பஞ்சம்? முதல் தேதியே போயிருப்போம். வேன்காரர் லயனல் அன்றைக்குத் தொழிலாளர் ஊர்வலத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார். சரி, புத்தர் பிறந்த வெசாக் பௌர்ணமி அன்று வருகிறோம் என்று குருநாகலுக்குப் போன் செய்தேன். மாப்பிள்ளை புத்திகவின் அப்பா ஜினதாச ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் சிரித்துப் பார்த்தவர் யாருமில்லை. ஜோதிடர் வேறு 'பொருத்தம் சுமார்தான்' என்று இழுத்திருந்ததால் அவருக்கு அரை மனது. "மதியச் சாப்பாடு நம்ம வீட்ல. மத்ததைச் சாப்பிட்ட பிறகு பேசிக்கலாம்" என்று போனை வைத்துவிட்டார். ஆக, அந்தச் சாப்பாட்டை நம்பித்தான் நம் பிள்ளையின் வாழ்க்கை இருந்தது.

வெள்ளை உடுத்திக் கிளம்பினோம். ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை, கொடியும் கையுமாக வாலிபர்கள் நடுரோட்டில் குதித்து வேனை மறித்தார்கள். வழிப்போக்கருக்கு இலவசமாகச் சோறு போடும் தன்சல்! "மாமா, இறங்குங்க! மரவள்ளிக்கிழங்கு, தேங்காய்ச் சம்பல், சுடச்சுட!" நான் கும்பிட்டேன், "தம்பி, விருந்துக்குப் போறோம்பா, விட்டுடுங்க." உங்கள் தங்கை சீலாவதி என் தொடையில் கிள்ளினாள். "வெசாக் அன்னைக்குக் குடுக்கிற சோத்தை வேண்டாம்னு சொல்றதா? அந்தப் பிள்ளைங்க புண்ணியத்துல மண்ணைப் போடாதீங்க. ஒரு வாய் சாப்பிட்டா குடல் அறுந்துடுமா?" இறங்கினோம். அடுத்த வளைவில் நூடுல்ஸ், அதற்கடுத்து அவித்த கடலை, பொல்கஹவெலவில் சோறும் பருப்பும். லயனலோ கொடி காட்டாத இடத்திலும் நிறுத்தினார், "பாவம், ஆளில்லாம நிக்கிறாங்க ஐயா" என்று காரணம் வேறு. ஐஸ்கிரீமுக்குக் கொளுத்தும் வெயிலில் கால்கடுக்க வரிசை. எல்லோரையும் திட்டிக்கொண்டேதான் நின்றேன். இரண்டாவது கோப்பை வாங்கியதும் நான்தான்.

சம்பந்தி வீட்டு மேசையைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது மச்சான். பாற்சோறு, பலாக்காய்க் கறி, முந்திரிக் கறி, கத்தரிக்காய் மோஜு, இன்னும் என்னென்னவோ. சம்பந்தியம்மா சோமலதா ஒரு குன்று சோற்றை என் தட்டில் சாய்த்தார். ஒரு பிடி வாயில் வைத்தேன், உள்ளே போக மறுத்தது. சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தேன். சீலாவதி கூரையைப் பார்த்தாள். உத்பலா என்னைப் பார்த்தாள், கண்ணில் நீர் கட்டியிருந்தது. ஜினதாசவின் முகம் இறுகிக்கொண்டே போனது. கோபத்தில் தன் தட்டைக்கூட அவர் தொடவில்லை.

"ஏன், எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையா?"

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்து உண்மையைக் கொட்டிவிட்டேன். "வழியெல்லாம் தன்சல்ல சாப்பிட்டுட்டு வந்துட்டேன் அண்ணே. என் வயித்தை வச்சு என் பொண்ணை வேண்டாம்னு சொல்லிடாதீங்க."

அவர் தன் தட்டை ஓரமாகத் தள்ளினார். பிறகு சட்டென்று எழுந்தார். "சோமலதா, பானையைத் தூக்கு! புத்திக, மேசையை ரோட்டுக்கு இழு! நம்மளும் ஒரு தன்சல் போடுவோம்!"

அப்புறம் என்னைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். துண்டைக் கொடியாக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் குதித்தேன். "விருந்துக்குப் போறோம்" என்று கெஞ்சிய ஒருவரை "ஒரு வாய் சாப்பிட்டா குடல் அறுந்துடுமா?" என்று கேட்டு இறக்கினேன். அகப்பையும் கையுமாக நின்ற ஜினதாச, "கல்யாணத்தை ஆகஸ்ட்ல வச்சுக்கலாமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். ஆமாம், சிரித்தார்! என் மானத்தையும் காப்பாற்றி, புண்ணியத்திலும் பங்கு கொடுத்த அந்தப் பெரிய மனதை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது. அவருக்கும், நான் வாய்க்கு வந்தபடி திட்டிய அந்தக் கொடிக்காரப் பிள்ளைகளுக்கும், உங்களுக்கும் நான் ஆயுசுக்கும் கடன்பட்டவன்.

முழங்காலுக்கு எண்ணெய் தடவ மறக்காதீர்கள். அக்காவுக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. வெசாக் விளக்குக்கூட்டின் வெளிச்சம் வருஷம் முழுக்க உங்கள் வாசலில் எரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை புருஷன்,
பியதிஸ்ஸ

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உத்பலா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு வந்தாள். புத்திக அவளிடம் ரகசியத்தைச் சொல்லிவிட்டானாம். அன்று காலை விகாரைக்குப் போய்த் திரும்பும் வழியில் அவர்கள் குடும்பமே ஒரு தன்சல் விடாமல் சாப்பிட்டிருக்கிறது. ஜினதாசவின் முகம் இறுகியது கோபத்தால் அல்ல, நூடுல்ஸால். நான் மட்டும் வாயைத் திறந்திராவிட்டால் அவர் அந்தத் தட்டுக்கு முன்னாலேயே மயங்கி விழுந்திருப்பாராம். ஆகவே மேலே 'பெரிய மனது' என்று எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள். அந்த ஜோதிடரிடமும் இனிப் போக வேண்டாம்; இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்?