நாய்க்குட்டி பார்க்கப் போன நால்வர்

எனக்கு எதையும் பார்த்து எடுக்கத் தெரியாது. கத்தரிக்காய் வாங்கினால் பாதி புழு. செருப்பு வாங்கினால் இரண்டும் இடது கால் (சத்தியமாக ஒருமுறை நடந்தது). அப்படிப்பட்டவன் தலையில்தான், கோட்டுச்சேரியில் எங்கள் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வந்து விழுந்தது.

காரணம் என் மனைவி சுமதியின் மாற்றல். அவள் பாண்டிச்சேரி அரசு நர்ஸ். காரைக்கால்காரர்களுக்கு மாற்றல் என்றால் பக்கத்து ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆந்திராவுக்குள் இருக்கிற ஏனாம்! பத்து வயது அபி நாலரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஆறரைக்கு நான் வரும்வரை, எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பாள்.

"பயமெல்லாம் இல்லப்பா. சும்மா யாராவது இருந்தா நல்லா இருக்கும்" என்றாள் ஒருநாள். அன்றே நாய்க்குட்டி தேட ஆரம்பித்தேன்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். டவுனில் ஒரு சொல்தா வீட்டில் ஸ்பானியல் குட்டி போட்டு, ஒன்றுதான் மிச்சம் என்று கேள்விப்பட்டேன். பேசாமல் போய்த் தூக்கி வந்திருக்கலாம். அக்காவிடம் சொல்லித் தொலைத்தேன்; தானும் வருவேன் என்றாள்.

"நல்ல காரியத்துக்கு மூணு பேராப் போகக் கூடாதுடா" என்று அக்கா ஆட்டோ டிரைவர் செல்வத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். ஞாயிறு காலை, பழத்தட்டோடு நால்வரும் போய் இறங்கினோம்.

சொல்தாவின் மனைவி கேசரியும் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தார். அவ்வளவுதான், பெண் பார்க்க வந்த வீடு மாதிரியே எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டோம்.

"தாய் பாண்டிச்சேரிங்க. அசல் ஸ்பானியல்" என்றார் சொல்தா.

"தகப்பன் வழி?" என்று அக்கா பஜ்ஜியைப் பிய்த்தாள்.

"அவரு காம்பவுண்டு ஏறிக் குதிச்சு வந்தவருங்க."

நான் நூலகத்தில் நாய் வளர்ப்புப் புத்தகம் படித்துவிட்டு வந்த மேதாவி. கூடத்தில் விட்ட குட்டியின் தைரியத்தைச் சோதிக்க, புத்தகத்தில் சொன்னபடி சாவிக்கொத்தைத் தூக்கிப் போட்டேன். குட்டி எழுந்து போய் அதை மோந்து பார்த்து, அதன்மேல் மூத்திரம் பெய்துவிட்டு, திரும்பி வந்து அபியின் பாதத்தில் தலையை வைத்துத் தூங்கிவிட்டது. (இதற்கு எத்தனை மார்க் என்று புத்தகத்தில் போடவில்லை.)

"அப்பா, இதுதான்" என்றாள் அபி, காலை அசைக்காமல்.

நான் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். கைகூப்பினேன். "ரொம்ப சந்தோஷங்க. வீட்டுல கலந்து பேசிட்டு சொல்லி அனுப்புறோம்" என்றேன். சத்தியமாக நான் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. அக்கா ஆமோதித்தாள். செல்வமும் தலையாட்டினார். நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்தாவுக்குத் தெரியாதா? முகம் சுண்டி, குட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆட்டோவில் அபி அழவில்லை. "நமக்குப் பிடிக்கலைன்னு அது நெனைச்சுக்கும்ல?" என்று மட்டும் கேட்டாள்.

மத்தியானம் ஏனாமுக்குப் போன் போட்டேன்.

"அடப்பாவி மனுஷா! என்னைப் பாக்க வந்தப்பவும் இதையேதான சொல்லிட்டுப் போனீங்க? பத்து நாள் தபால்காரர் வர்ற நேரமெல்லாம் வாசல்ல நின்னேன். எங்கப்பா வேற மாப்பிள்ளை ஜாதகம் பாக்கவே ஆரம்பிச்சிட்டாரு. ஓடுங்க மொதல்ல!"

பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் அந்தப் பத்து நாளைப் பற்றி அவள் சொன்னதே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஓடினேன்.

"போலகத்துல ஒரு வீட்டுலேருந்து குட்டியக் கேட்டிருக்காங்களே" என்றார் சொல்தா, கேட்டைத் திறக்காமல். அபியின் நாலரையிலிருந்து ஆறரை வரையைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது. அவர் கேட்டின் தாழ்ப்பாளை எடுத்தார்.

"அப்ப நாங்க உங்க வீட்டைப் பாக்க வரணும்" என்றார்.

நாலு மணிக்குக் கணவனும் மனைவியும் குட்டியோடு வந்தார்கள். நான் போட்ட பஜ்ஜி வெளியே கரி, உள்ளே பச்சை மாவு. சொல்தா இரண்டு சாப்பிட்டார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்து கைகூப்பினார்.

"ரொம்ப சந்தோஷங்க. வீட்டுல கலந்து பேசிட்டு சொல்லி அனுப்புறோம்."

அபியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"போதும், புள்ளைய அழ வைக்காதீங்க" என்று அவர் மனைவி அதட்டினார். சொல்தா கடகடவென்று சிரித்தார். "போலகத்துக்கு அடுத்த ஈத்துல குடுத்துக்கறேன். நீ வச்சுக்க தாயி." குட்டி அதற்குள் அபியின் பாதத்தில் தூங்கியிருந்தது.

அதற்கு ஏனாம் என்று பேர் வைத்தாள் அபி. "அம்மா அங்க இருக்காங்க, ஏனாம் இங்க இருக்கட்டும்." இரண்டு வருடத்தில் சுமதி திரும்பி வந்துவிட்டாள். அந்த ஞாயிறிலிருந்து எங்கள் வீட்டில் இன்னொரு தோசை வேண்டுமா என்று கேட்டால்கூட, "கலந்து பேசிட்டு சொல்லி அனுப்புறோம்" என்றுதான் பதில் வரும்.

ஏனாம் வந்து பதின்மூன்று வருடம் கழித்து அபியைப் பார்க்க வந்தார்கள். கேசரியை முடித்துவிட்டு மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, "வீட்டுல கலந்து பேசிட்டு..." என்று ஆரம்பித்தார். உள்ளே தாயும் மகளும் குபீரென்று சிரித்துவிட்டார்கள். நான் மானம் போய் நின்றேன்.

மாப்பிள்ளை மட்டும் எழுந்திருக்கவில்லை. "கொஞ்சம் இருங்கப்பா. இது என் கால்மேல தூங்குது" என்றார். மூஞ்சி நரைத்துப்போன ஏனாம், காதைத் தொங்கவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

உள்ளே சிரிப்பு நின்றது. அபி யாரிடமும் சொல்லி அனுப்பவில்லை. நேரே கூடத்துக்கு வந்து, "எனக்குச் சம்மதம்பா" என்றாள்.