முன்பக்க ஜிப்

"அவருக்குக் கை எவ்ளோ தூரம் தூக்க முடியும் சார்?" என்று போனில் கேட்டாள் ஜூலியா.

சிவசங்கருக்குத் தெரியவில்லை. கச்சிராயபாளையத்துப் பள்ளியில் பதினெட்டு வருடமாக அறிவியல் எடுக்கிறவர், எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார். இப்போது ஆசிரியர் அறையின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "கொஞ்ச தூரம்" என்றார்.

"கொஞ்சம்னா? தோள் வரைக்குமா, நெஞ்சு வரைக்குமா? முதுகுப் பக்கம் போவுமா?"

ஜூலியா புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் கற்றுத்தரும் கடை ஒன்றில் வேலை பார்ப்பவள். பொறுமைசாலி. கடலுக்குள் போடும் ரப்பர் உடுப்பில் முக்கால்வாசிக்கு ஜிப் முதுகில் இருக்கும், கையைப் பின்னால் விட்டு நாடாவை இழுக்க வேண்டும், கை வளையாதவருக்கு அது ஆகாது, முன்பக்கம் ஜிப் வைத்ததுதான் சரி என்று விளக்கினாள். கடைசியில், "அவரையே ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுங்களேன் சார்" என்றாள்.

அது ஒன்றுதான் முடியாது. அவரைக் கேட்கிற முகம் சிவசங்கருக்கு இல்லை.

அவர் என்பது மாயவன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிணற்றில் எது விழுந்தாலும், மோட்டாரோ குடமோ செல்போனோ, முங்கி எடுத்துத் தருகிறவர். சிவசங்கரின் கரும்புக் கொல்லைக் கிணற்றுக்கும் பன்னிரண்டு வருடமாக அவர்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் மோட்டார் உள்ளே விழுந்துவிட, மாயவன் இறங்கி அதைக் கயிற்றில் கட்டிக்கொடுத்தார். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர் சிவசங்கர். பாதியில் அவருடைய போன் அடித்தது. ஒரு கையை எடுத்து ஹலோ என்றார். கயிறு நழுவியது. மோட்டார் மாயவன் இருந்த பக்கமாகத் தண்ணீரில் போய் விழுந்தது. போனில் ஒரு பெண்ணின் பதிவுக்குரல், அழைக்கிறவர்களுக்குப் பாட்டு வைக்க ஒன்றாம் எண்ணை அழுத்தச் சொன்னது.

மாயவன் மறுபடி முங்கி, மறுபடி கட்டி, வேலையை முடித்துவிட்டே படியேறி வந்தார். வந்தபோது வலது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருந்தது. "ஒண்ணுமில்ல சார்" என்றார்.

சிவசங்கர் கூலியை வழக்கம்போல மோட்டார் கொட்டகைத் திட்டில் வைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டு நடையைக் கட்டினார். அது அவர் அப்பா காலத்து வழக்கம். கையில் கொடுப்பதில்லை. முதலாளி போன பிறகு ஆள் வந்து எடுத்துக்கொள்வார்.

அன்றிலிருந்து வழியை மாற்றிக்கொண்டார். மாயவனின் தெரு வழியாகப் போனால் பள்ளிக்கு ஐந்து நிமிடம், இவர் ஏரிக்கரையைச் சுற்றி இருபது நிமிடம் நடந்தார். ஒரு மனுசனின் பிழைப்பையே கெடுத்துவிட்டு வெறும் மன்னிப்பை மட்டும் எப்படி நீட்டுவது? அப்போதுதான் இந்த யோசனை வந்தது. கையை வீசாமலே முங்குகிற மாதிரி ஒரு செட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்தத் தைரியத்தில் மன்னிப்புக் கேட்டுவிடலாம்.

ஆனால் கை எவ்வளவு தூரம் போகும்?

நேரே கேட்க வெட்கப்பட்டு, சனிக்கிழமை ஒரு நீளநோட்டோடு மாயவன் வீட்டு வாசலில் போய் நின்றார். பள்ளிக்கூடத்திலிருந்து உடல்நலக் கணக்கெடுப்பு என்று புளுகினார்.

"மாயவண்ணே, ரெண்டு கையையும் மேல தூக்குங்க."

அதுவரை 'மாயவா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். திடீரென்று அண்ணன் ஆகிவிட்ட மாயவன், அந்தக் கலவரத்திலேயே கைகளைத் தூக்கினார். இடது கை வானத்துக்குப் போனது. வலது கை நெஞ்சோடு நின்றது. 'நெஞ்சு வரை' என்று எழுதிக்கொண்டார் சிவசங்கர்.

"வலிக்குதாண்ணே?"

"இல்லியே சார்."

அந்தப் பெருந்தன்மை அவரை உயிரோடு புதைத்தது.

அதற்குள் பக்கத்து வீட்டு வீரமணி வந்துவிட்டார். "இன்னா சார் இது, கை தூக்காதவங்களுக்குக் கவர்மெண்டுல எதுனா குடுக்கறாங்களா?" சிவசங்கர் அவசரமாக இல்லை என்றார். அவர் இல்லை என்ற வேகத்திலேயே, இருக்கிறது என்று தெருவுக்குப் புரிந்துவிட்டது. கால் மணி நேரத்தில் வரிசை நின்றது. காலையில்தான் இரண்டு கட்டுக் கரும்பை ஒண்டியாக லாரியில் ஏற்றிய கொளஞ்சியப்பனுக்குக் கை இடுப்புக்கு மேல் வரவில்லை. முப்பத்தியொரு பெயர்களை எழுதிக்கொண்டுதான் சிவசங்கரால் தெருவைத் தாண்ட முடிந்தது.

திங்கட்கிழமை அதில் நாலு பேர் ஆதார் அட்டையோடு பள்ளிக்கே வந்துவிட்டார்கள். தலைமையாசிரியை செந்தமிழ்ச்செல்வி எந்தச் சுற்றறிக்கைப்படி இந்தக் கணக்கெடுப்பு என்று விசாரித்தார். சொந்த ஆராய்ச்சி என்றார் சிவசங்கர். அம்மையார் மகிழ்ந்துபோய், வரும் அறிவியல் கண்காட்சியில் அதைக் கலெக்டர் முன்னால் வாசிக்கும்படி சொல்லிவிட்டார். சிவசங்கர் தலையை ஆட்டினார். வேறு எதை ஆட்டுவது.

அடுத்த வாரம் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினார்.

ஜூலியா நோட்டைப் பார்த்துவிட்டு, கை எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். இதற்காவது பதில் தெரிந்ததில் சிவசங்கருக்கு ஒரு நிம்மதி. தேதி சொன்னார், காலை பத்தே கால் என்று நேரமும் சொன்னார்.

"புதுசா பட்ட அடின்னா மொதல்ல டாக்டர்கிட்ட காட்டணும் சார். அப்புறம் நீச்சல் குளத்துல பழகணும். அதுக்கெல்லாம் சர்ட்டிபிகேட் இல்லாம சிலிண்டர் தர மாட்டோம். அவரக் கூட்டிகினு வாங்களேன். போட்டுக்கப் போறவர்தானே பாத்து எடுக்கணும்?"

அவருக்கு வேலை ஜாஸ்தி என்றார் சிவசங்கர். சொன்ன பிறகுதான் அதன் கொடுமை உறைத்தது. அந்தக் குற்ற உணர்ச்சியில் எடுத்துக் காட்டியதையெல்லாம் வாங்கினார். முன்பக்க ஜிப் வைத்த உடுப்பு, கையை நுழைக்க வசதியாக ஒரு அளவு பெரிதாக. பொத்தான்களெல்லாம் இடது கைக்கே எட்டுகிற மிதவைச் சட்டை. ஒரே கையால் மாட்டிக்கொள்ளும்படி அகலத் துணிப்பட்டை தைத்த கண்ணாடி. குனிந்து இழுக்காமல் மாட்டும்படி குதிகாலில் ஸ்பிரிங் வைத்த துடுப்புக்கால். எல்லாம் இருந்தது. மூச்சுவிடக் காற்று மட்டும் இல்லை. திரும்பி வரும்போது துடுப்புக்கால் இரண்டும் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததற்குக் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூட்டையோடு மாயவன் வீட்டுக்குப் போனார். அவர் போய்ச் சேருவதற்குள் உதவித்தொகை வந்துவிட்டது என்று தெருவே திரண்டுவிட்டது. மூட்டையைப் பிரித்ததும் கறுப்பாக ஓர் உடுப்பு வெளியே வர, கொளஞ்சியப்பனின் கை தானாக இடுப்பிலிருந்து தலைக்குப் போய்விட்டது.

மாயவனுக்கு ஒன்றும் புரியவில்லை. வாத்தியார் சொல்கிறாரே என்று நின்றார். வராத கையை முதலில் நுழைக்கணும் என்று ஜூலியா சொல்லியனுப்பியிருந்தாள். சிவசங்கர் தானே அந்த வலது கையைப் பிடித்து மெல்ல நுழைத்தார். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் மாயவனின் கையை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை. கட்டையாக, காய்ப்புக் காய்த்து, சூடாக இருந்தது.

ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றினார். சித்திரை வெயிலில் மாயவன் மேலிருந்து கீழ்வரை ரப்பராக நின்று வியர்த்தார். ஒரு வார்த்தை முனகவில்லை. அதைப் பார்த்ததும் சிவசங்கருக்கு இரண்டு மாதமாக அடைத்துக்கொண்டிருந்தது உடைந்துவிட்டது. துடுப்புக்காலைக் கையில் பிடித்தபடியே, தெரு பார்க்க அழுதார்.

"அண்ணே, உங்க கைய இப்பிடி ஆக்கினது நான்தான். அன்னிக்கு போன் வந்துச்சின்னு கயித்த விட்டுட்டேன். உங்க மூஞ்சியப் பாக்க வெக்கப்பட்டுகினு ஏரிக்கரையா சுத்திப் போறேன். கணக்கெடுப்பெல்லாம் பொய். என்ன மன்னிச்சிடுங்க."

மாயவன் தன் வலது கையைக் குனிந்து பார்த்தார். பிறகு சிவசங்கரைப் பார்த்தார். பதில் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். உதவிக்கு மனைவி பக்கம் திரும்பினார்.

வாசற்படியில் உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த செல்லியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கை அவருக்கு அஞ்சு வயசுலேந்தே அப்டித்தாங்க சார். பன்னெண்டு வருசமா உங்க கெணத்துல எறங்கிக்கினு இருக்காரு, நீங்க ஒருவாட்டி கூடப் பாத்ததில்லீங்களா?"